பிரிச்சதுதான் பிரிச்சோம்!

கேள்வி: ''எங்கள் அப்பா 1996-ம் ஆண்டு வாங்கிய 35 ஹெச்.பி டிராக்டர் எங்களிடம் இருக்கிறது. லிஃப்ட், கலப்பையைத் தூக்குகிறது. ஆனால், தூக்கிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடுகிறது. மெக்கானிக்கிடம் காட்டினேன். 'லிஃப்ட்டைப் பிரிக்கிறப்பவே கியர் பாக்ஸ், கிளட்ச், இன்ஜின்னு எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துடலாம். புது வண்டி மாதிரி ஆயிடும்' என்கிறார். எங்களுக்கு மூன்றரை ஏக்கர்தான் நிலம். செய்யலாமா, விற்றுவிடலாமா?''

- பவானி வட்டார வாசகர் ஒருவர்.

வழக்கமாக இந்தப் பகுதிக்கு வருபவை வாழையில் இலைப்புள்ளி, மஞ்சளில் கிழங்கு அழுகல், தென்னையில் வெள்ளை ஈ என்று பயிர் சம்பந்தமான கேள்விகள்தான். இந்தக் கேள்வியை வேளாண்மைப் பொறியியல் துறையில் இருக்கும் நண்பருக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், 'எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துடலாம்' என்ற வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அதே வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன். கேட்டு, தலையாட்டி, 2,04,000 ரூபாய் செலவு செய்திருக்கிறேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. என் தம்பியின் ஒரு வெள்ளாமை அதில் அடிபட்டது.

லிஃப்ட்டுக்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

அப்பாவின் அம்பாசிடர்

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். அப்பா 1991-ல், ஒரு மஞ்சள் வெள்ளாமை கைகொடுத்த வருஷம், பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். 1983-ம் வருஷ வண்டி. 1,489 சி.சி பெட்ரோல் இன்ஜின். ஸ்டியரிங் பக்கத்திலேயே கை கியர். அப்போது நான் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது, ஒரு முறை அப்பாவே காரில் கொண்டுவந்து விட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய பிறகும், வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

அம்பாசிடர் கார் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரான கார். 1958-ல் இருந்து 2014 வரை வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அது கார் மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் போகும் வண்டி அதுதான், கல்யாண மாப்பிள்ளை வண்டி அதுதான், டிக்கியில் உர மூட்டை ஏற்றி வரும் வண்டியும் அதுதான். வாழைக்கன்று, விதை மஞ்சள், யூரியா, பொட்டாஷ் எல்லாம் அதில்தான் வரும்.

2015-ல் அப்பா தவறிப்போனார். பாகம் பிரித்தபோது தோட்டத்தை இரண்டு பங்காக்கினோம். காரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ''அண்ணனே வெச்சுக்கட்டும், அப்பா ஞாபகமா இருக்கும்'' என்று தம்பி சொல்லிவிட்டான். என் பங்கு நிலத்தையும் அவன்தான் பார்க்கிறான். நான் உத்தியோகக்காரன். வாரம் ஒரு முறை போய் காரை ஸ்டார்ட் செய்து வைப்பதோடு என் வேலை முடிந்துவிடும்.

3,500 ரூபாய் வேலை

2018 நவம்பரில் அந்த காரின் ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொந்த வண்டிக்கு முதல் 15 வருஷம் முடிந்ததும், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். செப்டம்பரிலேயே பார்த்தேன். பிரேக் பெடல் அடிவரை போனது. இரண்டு முறை மிதித்தால்தான் பிடித்தது. அப்பா காலத்தில் இருந்து எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். அவருடைய பட்டறைக்கு ஓட்டிப்போனேன்.

''மாஸ்டர் சிலிண்டர்ல வாஷர் போயிருக்குங்க தம்பி. கிட் மாத்தி, ஆயில் மாத்துனா சரியாப் போயிரும். மூவாயிரத்தஞ்நூறு வெச்சுக்குங்க'' என்றார்.

அந்தக் கால அம்பாசிடரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், டிரைவர் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் கால் மிதி விரிப்பைத் தூக்க வேண்டும். தூக்கினோம். என் கதை அங்கேதான் ஆரம்பம்.

விரிப்புக்குக் கீழே தரைத் தகடு இல்லை. இருக்க வேண்டிய இடத்தில், சல்லடை மாதிரி ஒரு துருப் பாளம் இருந்தது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் தட்டினார். அது கீழே பட்டறை மண்ணில் போய் விழுந்தது.

இரண்டாவது அதிர்ச்சி, மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியபோது வந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர்கள் ஊறி, உப்பி, கொழகொழவென்று இருந்தன. ''யாரோ இதுல இன்ஜின் ஆயிலை ஊத்தியிருக்காங்க'' என்றார். அந்த யாரோ நான்தான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், சத்தியமங்கலம் போகிற வழியில் பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. டிக்கியில் இருந்த இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி ஊர் வந்து சேர்ந்தேன். பிறகு மறந்தும் போனேன். பிரேக் ஆயிலுக்கு ஏற்ற ரப்பர் வேறு. அதில் இன்ஜின் ஆயில் பட்டால் ஊறிவிடும். ஒரு இடத்தில் ஊற்றியது குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போகும். ஆகவே நான்கு சக்கரத்திலும் வீல் சிலிண்டர் வாஷர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றாகிவிட்டது. பொருந்தாத இரண்டு மருந்தை ஒரே டேங்கில் கலக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவன் நான்!

3,500 ரூபாய் வேலை, அன்று சாயங்காலத்துக்குள் 11,500 ஆனது. அது பிரேக்குக்கு மட்டும். தரை தனி.

துருவுக்குக் காரணம் யார்?

தரை ஏன் இப்படி ஆனது என்று யோசித்தபோது, படித்த படிப்பு ஞாபகத்துக்கு வந்தது. பொட்டாஷ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அது சமையல் உப்புக்குப் பங்காளி. யூரியா, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும். மூட்டையில் இருந்து சிந்தியது டிக்கி மூலையிலும் விரிப்புக்கு அடியிலும் தங்கும். மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்தால் அது உப்புத் தண்ணீர். இரும்புக்கு அதைவிடக் கெட்ட எதிரி கிடையாது. உரம் போடும் கருவியை வேலை முடிந்ததும் கழுவிக் காயவைக்கச் சொல்லும் நான், அதே உரத்தைச் சுமந்த காரின் டிக்கியை ஒரு நாளாவது கழுவியிருப்பேனா? இல்லை.

லாரி, ஜீப்புக்கு அடியில் தனியாகச் சட்டம் இருக்கும். மேல் கூடு துருப்பிடித்தாலும் சட்டம் தாங்கும். அம்பாசிடருக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும் பகுதியும், மேல் கூடும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. அதனால் தரையில் ஓட்டை என்றால் அது கால் வைக்கிற இடத்துப் பிரச்னை மட்டும் இல்லை, வண்டியின் முதுகெலும்பிலேயே பிரச்னை. தகடு வைத்து வெல்டிங் செய்தே ஆக வேண்டும்.

வெல்டிங் என்றால் சீட் எல்லாம் வெளியே வர வேண்டும். பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கை இறக்க வேண்டும். தரை ஓரமாக ஓடும் ஒயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியபோது ஒயர் மேல் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. முன் பக்கம், பெடலுக்கு மேலே இருக்கும் தகட்டிலும் துரு ஏறியிருந்தது. அங்கே வெல்டிங் வைக்க இன்ஜின் இடைஞ்சலாக இருந்தது. இன்ஜினை இறக்கினோம்.

இறக்கிய இன்ஜின் பட்டறைத் தரையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி நானும் மெக்கானிக்கும் நின்றோம். அப்போது அந்த வார்த்தையைச் சொன்னது அவர் இல்லை, நான்தான்.

''பிரிச்சதுதான் பிரிச்சோம்... இன்ஜினையும் ஒரு தடவை பாத்துடலாமேங்க?''

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ''இன்ஜின் நல்லாத்தான் இருக்குது தம்பி. புகை இல்லை, சத்தம் இல்லை. இப்ப எதுக்கு?'' என்றார். நான் விடவில்லை. ரிங், பேரிங், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் என்று எல்லாம் மாற்றினோம். அதற்கு 46,000 ரூபாய்.

சாமியாரும் பூனையும்

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்த சாமியார் கதை உங்களுக்குத் தெரியும். பூனைக்குப் பால் வேண்டும் என்று மாடு வாங்கினார். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கல்யாணம் செய்துகொண்டார். ஒவ்வொரு படியிலும் அவர் சொன்ன காரணம் நியாயமானதுதான். கூட்டிப் பார்த்தால்தான் அது சம்சாரம் என்று தெரியும்.

பழைய வண்டியில் இது நடப்பதற்குத் தொழில் ரீதியாகவும் ஒரு காரணம் உண்டு. சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு உடனே புரியும். பழைய குழாயில் ஒரு இடத்தில் கசிகிறது. அதை அடைத்து மோட்டாரைப் போட்டால், அடுத்த பலவீனமான இணைப்பு பிய்த்துக்கொண்டு அடிக்கும். அதுவரை கசிவு வழியாக வெளியேறிய அழுத்தம் முழுவதும் இப்போது அந்த இடத்துக்குப் போகிறது. பிரேக்கிலும் அதே கதைதான். மாஸ்டர் சிலிண்டர் புதிதாகி முழு அழுத்தம் கொடுக்க ஆரம்பித்தால், சக்கரத்தில் இருக்கும் பழைய வாஷர் தாங்காது. ஒரே வயதுள்ள பாகங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் தேயும். ஒன்றைப் புதிதாக்கினால் மற்றது எல்லாம் இன்னும் பழையதாகத் தெரியும்.

இந்த அளவுக்கு நடப்பது வண்டியின் குற்றம். இதற்கு மேல் நடந்தது என் குற்றம்.

தரை வெல்டிங் முடிந்தபோது, இடையில் நிறுத்த ஒரு நல்ல இடம் வந்தது. பிரேக் ஆயிற்று, தரை ஆயிற்று, ஒயரிங்கும் ஆயிற்று. நல்ல டயர் போட்டு ஆர்.சி-க்குக் காட்டியிருக்கலாம். ஆனால், வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் பெயின்ட் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியுமே என்று பட்டது. முழுவதும் அடிக்கச் சொன்னேன். பெயின்ட் அடித்தால் பழைய பீடிங் ரப்பர் அசிங்கமாக இருக்குமே என்று அதை மாற்றினேன். உள்ளே சீட் கிழிந்திருக்கிறதே என்று அதையும் மாற்றினேன். பம்பரின் பளபளப்பு போயிருந்தது, அதையும் பூச்சுக்கு அனுப்பினேன். பின் விளக்குக் கண்ணாடி ஒன்றில் கீறல் இருந்தது. அது ஒன்றுக்காகச் சென்னை புதுப்பேட்டைக்கு ரயில் ஏறிப்போய், ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக அலைந்து வாங்கி வந்தேன். அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். விடுப்பு விண்ணப்பத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

வீட்டில் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் ராத்திரி மட்டும் என் மனைவி கேட்டார். ''ஏனுங்க, ரசீதையெல்லாம் ஒரு கவர்ல போட்டுப் போட்டு வெக்கறீங்களே, ஒரு நாளாவது கூட்டிப் பாத்தீங்களா?''

கூட்டிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. பண்ணைக் கணக்கு எழுதாத விவசாயியை 'கணக்கு நோட்டு எங்கே?' என்று கேட்கும் அதிகாரியின் நிலைமை இது.

பங்குனியில் வந்த போன்

2019 பங்குனி. தம்பிக்கு வாய்க்காலுக்கு மேட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் உண்டு. கீழ்பவானித் தண்ணீர் அங்கே ஏறாது. போர்வெல்தான். அதில் 1,100 கதளி வாழை. பெரும்பாலும் குலை தள்ளி, காய் பருக்கும் நேரம். ஒரு நாள் காலையில் போன் செய்தான்.

''அண்ணா, மோட்டார் காயில் கருகிப் போச்சு. மேல எடுத்தா கேபிளும் போயிருக்குது, பைப்பும் நாலஞ்சு துருப்பிடிச்சுப் போச்சு. ஒரு அறுபதாயிரம் இருக்குமாண்ணா? தார் வெட்டுனதும் குடுத்துடறேன்.''

என் சேமிப்பில் இருந்த 60,000 ரூபாய், அதற்கு ஆறு மாதம் முன்புவரை இருந்தது. இப்போது இல்லை. சிக்கன நாணயச் சங்கத்தில் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் கடனும் கரைந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான் பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். கார், பட்டி தடவி பிரைமர் அடித்து, வெள்ளை பூதம் மாதிரி பட்டறையில் நின்றது.

''ரெண்டு வாரம் பொறுத்துக்கோடா, பாக்கறேன்'' என்றேன்.

ஏன் முடியவில்லை என்று அவன் கேட்கவில்லை. ''சரிண்ணா'' என்று வைத்துவிட்டான்.

நான் வேளாண்மை அதிகாரி. பங்குனி வெயிலில், குலை தள்ளிய வாழைக்கு இரண்டு வாரம் தண்ணீர் இல்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து நான் போன் செய்தபோது, ''மோட்டார் இறக்கியாச்சுண்ணா'' என்றான். எப்படி என்று கேட்டதற்கு ஏதோ சொல்லி மழுப்பினான். அம்மாதான் பிறகு சொன்னார். தம்பி மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. மோட்டார் இறங்கித் தண்ணீர் பாய 19 நாள் ஆகியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு தடவை தண்ணீர் விட்டதால் மரம் பிழைத்தது. காய் பிழைக்கவில்லை. பருக்க வேண்டிய நேரத்தில் பருக்காத காய், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பருக்காது.

தார் வெட்டும்போது நானும் போயிருந்தேன். 11, 12 கிலோ வர வேண்டிய தார், சராசரி 8 கிலோவுக்குத்தான் நின்றது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனதுக்குள் கணக்கு ஓடியது. எங்கள் தொழில் அது. தாருக்கு மூன்றரை கிலோ குறைவு என்றால் 1,100 மரத்துக்கு 3,850 கிலோ. கிலோ 20 ரூபாய் என்று வைத்தாலும் 77,000 ரூபாய்.

கவரைப் பிரித்த ராத்திரி

அன்று ராத்திரி அந்த ரசீதுக் கவரை எடுத்தேன். வேலை முழுவதும் முடியவில்லை. ஆனாலும், பேசி முடித்த தொகை எல்லாம் தெரியும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதினேன்.

முதல் பத்தி, உயிருக்கு அவசியமானது: பிரேக் 11,500. தரை, அடிப்பெட்டி வெல்டிங் 32,000. ஒயரிங் 11,000. டயர், பேட்டரி 24,000. மொத்தம் 78,500.

இரண்டாம் பத்தி, வண்டி ஓடுவதற்கானது: இன்ஜின், கிளட்ச் 46,000. இதில் பெரும்பகுதி அப்போது தேவைப்படவே இல்லை.

மூன்றாம் பத்தி, கண்ணுக்கானது: பெயின்ட் 48,000. சீட், உள் லைனிங் 17,500. பம்பர் பூச்சு, பீடிங், விளக்கு 14,000. மொத்தம் 79,500.

கண்ணுக்காக நான் செலவு செய்தது 79,500 ரூபாய். தம்பியின் வாழையில் குறைந்தது 77,000 ரூபாய். இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. செலவில் இரண்டு வகை இருக்கிறது. பருவம் உள்ள செலவு, பருவம் இல்லாத செலவு. வாழைக்குத் தண்ணீர், விதை, களை, மருத்துவம், பிள்ளைகளின் படிப்புக் கட்டணம் எல்லாம் பருவம் உள்ளவை. நாள் தப்பினால் பிறகு பணம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. காருக்குப் பெயின்ட் அடிக்க ஆடிப்பட்டமும் கிடையாது, தைப்பட்டமும் கிடையாது. அது ஐந்து வருஷம் கழித்தும் அடிக்கலாம். பருவம் இல்லாத செலவு, பருவம் உள்ள செலவின் பணத்தைத் தின்றுவிடுவதுதான் ஆபத்து. தரையில் இருந்த துருவைவிட அதுதான் பெரிய துரு.

கார் 2019 நவம்பரில் வீட்டுக்கு வந்தது. 14 மாதம். தாமதக் கட்டணமும் கட்டி ஆர்.சி-யைப் புதுப்பித்தேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துப் பச்சைமலை முருகன் கோயிலுக்குப் போனோம். அம்மா, புது சீட்டைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். ''நல்லாத்தான் இருக்குது சாமி. உங்கப்பனா இருந்தா மொதல்ல மோட்டாரைத்தான் எறக்கியிருப்பாரு.''

அடுத்த வருஷம், அரியர்ஸ் பணம் வந்ததும் சங்கிலியை மீட்டுக் கொடுத்தேன். தம்பி வாங்க மறுத்தான். அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். 'பாத்தியா, காருக்காகத்தான் அன்னைக்கு இல்லைன்னேன்' என்று அவனிடம் இன்றுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியும். பட்டறை எங்கள் ஊர்ச் சாலையில்தான் இருக்கிறது. அவன் தினமும் அந்த வழியாகத்தான் பால் ஊற்றப் போவான். இந்த இதழ் அவன் கைக்கும் வரும். படிக்கட்டும்.

பிரிப்பதற்கு முன்...

பழைய கார், டிராக்டர், மோட்டார், வீட்டுக் கூரை எதுவாக இருந்தாலும், கையை வைப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று, எதற்காகப் பிரிக்கிறோம் என்பதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். 'பிரேக் பிடிக்க வேண்டும்.' அவ்வளவுதான். அந்த வரி நிறைவேறிய இடத்தில் நிறுத்த வேண்டும்.

இரண்டு, மெக்கானிக்கிடம் மொத்த மதிப்பீடு கேட்காதீர்கள். படிப்படியாகக் கேளுங்கள். 'பிரித்துப் பார்க்க எவ்வளவு? பார்த்த பிறகு அப்படியே மூட எவ்வளவு? சரிசெய்ய எவ்வளவு?' இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். பழைய வண்டியைத் திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. அதனால், அவர் சொன்ன தொகை கூடினால் அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம் இல்லை. கூடினால் எங்கே நிறுத்துவது என்று நீங்கள்தான் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

மூன்று, கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பழுதையும் மூன்று பத்தியில் எழுதுங்கள். உயிருக்கு, ஓட்டத்துக்கு, கண்ணுக்கு. பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, பாரம் தாங்கும் தகடு ஆகியவை உயிருக்கு. இதில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க வேண்டாம். ஓட்டத்துக்கானது தொந்தரவு கொடுக்கும்போது பார்க்கலாம். கண்ணுக்கானது கடைசி.

நான்கு, போன பணத்தைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். 'இவ்வளவு போட்டாச்சு, பாதியில விடறதா?' என்ற நினைப்புதான் நம்மைக் கவிழ்க்கும். ஏற்கெனவே போட்டது போட்டதுதான். 'இன்னும் ஆகப் போகிற செலவுக்கு, அந்தப் பலன் கிடைக்குமா?' என்று மட்டும் கேளுங்கள்.

ஐந்து, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் போன் கேமராவில் படம் பிடித்து, நட்டு போல்ட்டைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதிவையுங்கள். 14 மாதம் ஆனால், எந்த போல்ட் எங்கே என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்குக் கடைசியில் ஒரு டப்பா நிறைய மிச்சம் இருந்தது. இன்ஜின் மாற்றுவது, நிறம் மாற்றுவது என்றால் ஆர்.சி-யிலும் பதிய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆறு, வீட்டில் இருப்பவர்களுக்கு மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். சொல்லத் தயக்கமாக இருக்கிறது என்றால், அந்த வேலையை இப்போது தொடங்க வேண்டாம் என்று அர்த்தம்.

உங்கள் டிராக்டருக்கு...

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொறியியல் துறை நண்பரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

லிஃப்ட் தூக்குகிறது என்றால் பம்ப் வேலை செய்கிறது. நிற்காமல் இறங்குகிறது என்றால், பெரும்பாலும் லிஃப்ட் சிலிண்டரின் சீல் அல்லது கன்ட்ரோல் வால்வில்தான் கசிவு இருக்கும். முதலில் எண்ணெயைப் பாருங்கள். அளவு சரியாக இருக்கிறதா, வெளுத்துப்போய்ப் பால் மாதிரி இருக்கிறதா? அப்படி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எண்ணெயை மாற்றி, வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு, கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் தரையைத் தொடுகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். தூக்கிய கலப்பைக்குக் கீழே காலையோ கையையோ வைத்துவிடாதீர்கள். சிறுவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இந்தப் பழுதுக்காக டிராக்டரை இரண்டாகப் பிரித்து, கியர் பாக்ஸையும் இன்ஜினையும் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. கியர் விழுகிறதா, கிளட்ச் நழுவுகிறதா, இன்ஜின் எண்ணெய் குடிக்கிறதா? மூன்றும் இல்லை என்றால் அவற்றைத் தொட வேண்டாம். லிஃப்ட் வேலைக்கு மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, அதை மட்டும் செய்யுங்கள்.

விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதற்கு ஒரு நோட்டு போடுங்கள். உங்கள் மூன்றரை ஏக்கருக்கு வருஷத்தில் எத்தனை மணி நேரம் டிராக்டர் ஓடுகிறது? அத்தனை மணிக்கு வாடகை டிராக்டர் வைத்தால் எவ்வளவு ஆகும்? வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. உங்கள் டிராக்டருக்கு டீசல், எண்ணெய், பழுது எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது? அக்கம் பக்கத்தில் வாடகைக்கு ஓட்டி எவ்வளவு வருகிறது? ஒரு வருஷம் எழுதினால் விடை தானாகவே வரும்.

அப்பா வாங்கிய வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையின் பாரம் எனக்குத் தெரியும். வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனது சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. பெயின்ட்டும் பிறகு ஒரு நாள் அடித்துக்கொள்ளலாம். ஆனால், இந்த மாதம் எந்தப் பயிருக்கு என்ன செலவு இருக்கிறது என்பதை முதலில் எழுதி, அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தில் ஸ்பேனரை எடுங்கள்.

லிஃப்ட் சரியானதும் ஒரு வரி எழுதுங்கள்.